கழித்தல் மூன்று

முதிரையடிக்குளத்தின் நீர்மட்டம்
அறுநூற்று ஐம்பத்தைந்து மீற்றர் என்கிறது
கிளிநொச்சியில், ஏ-ஒன்பது ஓரம்,
சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்து
நான் எழுதிய வலைப்பக்கம்.

அந்தக் கணக்குப்படி
இந்த மாடி, கீழே ஒட்டுப்போடும் ரியூப்,
தொலைபேசிக் கோபுரம், பரந்தன் சந்தி,
ஆனையிறவு உப்பு
எல்லாம் இந்நேரம் தண்ணீருக்கடியில்.

துருசு திறக்கும் அமிர்தசீலன் அழைக்கிறார்:
"பிள்ளை, உம்மட பக்கத்தில குளம் வான் பாயுது.
நான் குளத்துக்க நிக்கிறன்,
செருப்பு சேத்தில புதையுது."

ஆவணி. சிறுபோகம்
கடைசித் தண்ணிக்கு நிற்கிறது.

துருசின் வாசற்படியைப் பூச்சியம் என்று வைத்தவள் நான்தான்.
அதற்குக் கீழேயும் இறங்கும் என்று
பங்குனியில் யார் நினைத்தது?

உணரி அனுப்பியதை விரித்துப் பார்க்கிறேன்.
இரண்டு பைட்டு. எஃப் எஃப், எஃப் டி.
பதினைந்து ஒன்றுகள்,
கடைசிக்கு முந்தினது மட்டும் சுழியம்.
மின்சாரப் பில்லின் முதுகில் எழுதுகிறேன்:
எல்லாவற்றையும் புரட்டு. ஒன்றைக் கூட்டு.
மூன்று.
அதாவது கழித்தல் மூன்று.
படிக்குக் கீழே மூன்று சென்ரிமீற்றர்.

உணரி பொய் சொல்லவில்லை.
அந்தப் பதினாறு பிட்டுக்குள்
கழித்தல் கோடு என்று எதுவும் இல்லை;
முதல் பிட் கடனா கையிருப்பா என்பது
வாசிக்கிறவர் கையில்.
நான் கையிருப்பென்று வாசித்துவிட்டேன்.

முகாமில் நிரப்பிய படிவமும் அப்படித்தான்.
மொத்தம் எழுதப் பெட்டி இருந்தது.
எத்தனை பேர் குறைந்தது என்று
கேட்கப் பெட்டி இல்லை.
அம்மா ஓரத்தில் எதையோ எழுதி
பிறகு தானே வெட்டினா.

கட்டளையில் தேவையில்லாமல் இருந்தது
ஒரு யூ.
அழித்து, அடுத்த ஐயைப் பெரிதாக்கிச் சேமித்தேன்.
பக்கம் திரும்ப வந்தது. வரைபடம் வெறுமை.
பூச்சியத்தோடு முடிகிற மாதிரித்தான்
அதையும் வரைந்திருக்கிறேன், கீழே இடமே விடாமல்.

அச்சை மேலே தள்ளி
அடியில் நாலு விரற்கடை ஒதுக்கி முடிய
பின்னேரம் ஐந்தரை.
நீலக்கோடு மெல்ல இறங்கி
அங்கே வந்து நின்றது.

அமிர்தசீலன் திரும்ப எடுத்தார்.
"இப்ப சரி. தண்ணி இல்லை எண்டு
வடிவாக் காட்டுது.
இதை ஒரு தாளில அடிச்சுத் தாரும் பிள்ளை,
நாளைக்குக் கமக்காரர் கூட்டம்."