அயோடோபென்சீன், மேற்கு ஜன்னல்

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
துறையைப் பூட்டிவிட்டுப் போனோம்.
திரும்பி வந்தால்
மேற்கு ஜன்னல் திட்டில்
கடைசி டீயின் நிறத்தில் நிற்கிறது
அயோடோபென்சீன்.

வாங்கியபோது தண்ணீர் மாதிரி இருந்தது.
பழுப்புப் புட்டி உடைந்ததென்று
வெள்ளைப் புட்டிக்கு மாற்றியது நான்.
அலமாரி துடைக்க எடுத்து
திரும்ப வைக்க மறந்தவன் இருளப்பன்.
பேரைச் சொல்லிச் சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை.
"மூடித்தான்க்கா இருந்துச்சு. வெயிலு எப்படி உள்ள போச்சு?"

போகும்.
ஆறு கார்பன் கைகோத்த வளையத்தை
அது சுலபத்தில் அசைக்காது.
ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் அயோடினிடம்தான் போகும்.
நடுவில் இருப்பது இரண்டே எலக்ட்ரான்.
ஆளுக்கு ஒன்று.
பஞ்சாயத்து கிடையாது.
தனி உறுப்பு என்கிறது பாடநூல்,
பக்கத்தில் ஒற்றைப் புள்ளி வைத்து,
கோலம் போட வந்தவளை
யாரோ உள்ளே கூப்பிட்டுவிட்ட மாதிரி.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
துணி பிழிந்துகொண்டிருந்தான்.

மூன்று வருடமாக நான் அளப்பது வேறு.
பிரிந்தவற்றில் பல
சுற்றி நெருக்கும் கூட்டத்தில் முட்டி
வெளியே போக வழியில்லாமல்
அதே ஆளோடு அங்கேயே சேர்ந்துவிடுகின்றன.
ஒரு நொடியைக் கோடியால் வகுத்து
அதை லட்சத்தால் வகுத்தால்
அதில் சில துளிகள், அவ்வளவுதான் அந்தச் சண்டை.
பிரிந்ததாகப் புட்டிக்கே தெரியாது.

நிறம், தப்பியவற்றின் நிறம்.
அதுவும் தனி அயோடினுக்கு வராது.
ஒரு வீட்டை விட்டுக் கிளம்பியது
இன்னொரு வீட்டை விட்டுக் கிளம்பியதைச் சந்தித்து
சேர்ந்துகொண்ட பின் வரும்
பழுப்பு.

மாலையில் தயோசல்பேட் ஊற்றிக் குலுக்கினேன்.
வெளுத்தது.
"சரியாப் போச்சுக்கா."
நிறம்தான் போனது.
அயோடினை விட்ட வளையங்கள்
கைக்குக் கிடைத்த எதையோ பிடித்துக்கொண்டு
அந்தத் தெளிவுக்குள்ளேயே இருக்கின்றன.

நாகமலை புதுக்கோட்டைப் பரோட்டாக் கடையில்
கெஞ்சி வாங்கிய அலுமினியத் தாளை
இருளப்பன்தான் சுற்றினான்,
நாலு விளிம்பும் மடக்கி,
சால்னா ஒழுகாத பக்குவத்தில்.

சுற்றி முடித்துக்
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"உள்ள இருட்டாயிருச்சான்னு
எப்படிக்கா பாக்குறது?"