ஏழாம் மாதத்தில் ஒரு சொல்

ஒரு கிரிப் வேண்டும் என்றேன்.
"நம்மிடம்தான் இருக்கிறதே" என்றான் யூவன்,
முழங்கை வரை சோப்பு நுரை.
"இரண்டு அறை. தகரக் கூரை.
சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்."

அவன் சிரிக்கவில்லை.
நியூசிலாந்தின் இந்தத் தென்கோடியில்
விடுமுறைக்கென்று கடலோரம்
கிடைத்த பலகையில் எழுப்பிய குடிசைக்கு
அந்தப் பெயராம்.
குழந்தை படுப்பது காட்.
நான் நெப்ராஸ்காக்காரி. எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கிரிப் என்றால் சோளப் பட்டறையும்தான்,
சட்டம் சட்டமாக அடித்தது.
கதிர் வெளியே விழாது, காற்று உள்ளே போகும்,
இடைவெளி அந்தக் கணக்கு.
பிள்ளைக்கு அடிக்கும் கம்பிகளும் ஏறக்குறைய அப்படித்தான்:
தலை நுழையாது, மூச்சு நுழையும்.
ஒன்பதாம் வகுப்பில் என் காலுறைக்குள் இருந்த
துண்டுத்தாளுக்கும் அதே பெயர்.
மிஸ் ஷ்ராடர் அதை விரித்து
வகுப்புக்கே உரக்கப் படித்தார்.

மாமனார் ஹெக்டருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை.
"கிரிப்புக்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார் ஒரு காலை.
மெத்தையும் இரண்டு போர்வையும் என்றேன்.
அவர் கேட்டது சாப்பாட்டு டப்பாவை.
பூமிக்கு அடியில் பதினெட்டுப் பேர்
இன்றுவரை அந்த மெத்தையைத்தான்
ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்கிறார்கள்.

சனிக்கிழமை போனோம். ஜூன் மாதக் குளிர்.
உப்பில் இறுகிய கதவைத் தோளால் தள்ளினான்.
உள்ளே எலிப் புழுக்கை, ஒரு கெட்டில்,
துளைத்துளையாய் ஒரு பலகை,
துளையில் செருக எரிந்த தீக்குச்சிகள்.
"கிரிப்," என்றான், சீட்டைக் கலைத்தபடி.
"இதுவுமா?"
"இதுவும்."

ஆறு சீட்டு எனக்கு, ஆறு அவனுக்கு.
ஆளுக்கு இரண்டைக் கவிழ்த்துப் போட வேண்டும்.
அந்த நாலும் தனியாய்க் கிடக்கும்,
கடைசி வரை யாரும் திருப்பக் கூடாது.
"அதற்குப் பெயர்தான்..."
"தெரியும்," என்றேன்.

நான் என்ன போட்டேன்?
அம்மாவின் முன்கோபம் ஒன்று,
கோணல் பல் ஒன்று.
அவன் என்ன போட்டானோ.
கூரையில் மழை கல்லெறிந்தது.
மேசை விளிம்பில் முட்டியிருந்த வயிற்றுக்குள்ளிருந்து
ஒரு உதை. தீக்குச்சி ஒன்று சாய்ந்தது.

"உன் கையை எண்ணு முதலில்" என்றான்.
"அது பிறகு."

எண்ணினேன். ஆறோ எட்டோ.
அவன் அடுப்போரம் கிடந்த ஆப்பிள் பெட்டியை
இழுத்து, தூசி ஊதி,
இரண்டு சட்டங்களுக்கு நடுவே
முஷ்டியை மடக்கி விட்டுப் பார்த்தான்,
நுழைகிறதா என்று.