வத்தை ஏறுமுன்

அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்.
நான் பாசிக்குப் போற பன்னெண்டு நாளும்
நம்புசெல்வி உங்க கையில.
மதினி, நீங்க மூணு பெத்தவுக.
கலாராணி டீச்சர், நீங்க படிச்சவுக.
புத்தி சொல்லலை.
வத்தை கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு,
அதான் பேசுறேன்.

குந்துகால் பாறையில சிப்பி கிழிச்சு
ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து வருவா, அழமாட்டா.
சாயங்காலம் காலைக் கழுவி நீங்கதான் பாக்கணும்.
அதே பிள்ளைதான்
சட்டைக் கழுத்துல தச்ச துணிச்சீட்டு உரசினா
நண்டு கவ்வின மாதிரி துடிப்பா.
நடிக்கிறான்னு அன்னைக்குச் சொன்னீக மதினி.
நானும் சொல்லியிருக்கேன்.
அடிச்சும் இருக்கேன்.
இப்ப எந்தச் சட்டையிலயும் சீட்டு இல்ல, கத்தரிச்சுட்டேன்.

முட்டை வாசம் ஆகாது.
சத்துமாவு ஈரமா இருந்தா தொடமாட்டா,
பொரபொரன்னு இருந்தா ரெண்டு உருண்டை தின்பா.
கருவாட்டுக் களத்துல மட்டும்
எப்படி மூக்கைச் சுளிக்காம ஓடுறான்னு கேக்காதீங்க.
எனக்கே தெரியாது.

ஆட்டோ சீனி அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்,
எங்க தெருவுக்குள்ள அவுக ஆரன் அடிக்கிறதில்ல.
பாலத்துல ரயில் வந்தா பயமில்ல,
எந்நேரம் வரும்னு அவளுக்குத் தெரியும்.
குக்கர் விசில்தான் எமன்.
இப்பக் கத்தும், மூணு தடவைன்னு
சொல்லிட்டு அடுப்பைப் பத்தவைங்க,
விரல் மடக்கி எண்ணிக்கிடுவா.
முளைக்கொட்டுக்குக் கூம்புக் குழாய் கட்டினா
எண்ணி முடியாது.
அன்னைக்கு அவளைக் கூட்டிக்கிட்டு
காத்து எதுத்து வர்ற பக்கமாப் போயிருங்க.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
புலன்னு சொன்னாக, மூளைன்னு சொன்னாக,
தாள்ல படம் போட்டுக் காட்டினாக.
தலையாட்டிட்டு வந்தேன். விளங்கலை.
பிறகு ஒருநாள்
கண்ணாடி மாட்டி, விரலுக்கெல்லாம் துணி சுத்தி,
கால்ல தகடு கட்டி
ரெண்டாள் ஆழம் இறங்கினேன்.
மேல வத்தை எஞ்சின், கூட வந்தவுக கூச்சல்,
வெயில், வட்டிக்காரர் முகம்,
எல்லாத்தோட வாயையும் தண்ணி பொத்திருச்சு.
நாலாப் பக்கமும் ஒண்ணுபோல அமுக்குச்சு.
என் உடம்பு எங்க முடியுதுன்னு
அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது.
மரிக்கொழுந்தைப் பிடிச்சபடி நெனச்சேன்,
பாய்ச்சுருளுக்குள்ள போய்ப் படுக்குதே
இந்தப் பிள்ளை,
இதைத்தானே தேடுது.

மூச்சு முட்டி மேல வந்தேன்.
கையில பாசி கொஞ்சம்தான்.

அதனால, அவ அழுதா பேசாதீங்க.
தடவிக் குடுக்காதீங்க, மெல்லத் தொட்டா எரியும் அவளுக்கு.
கேட்டுட்டு, சரின்னா, இறுக்கிப் பிடிங்க.
இல்லாட்டி மூலையில பழைய வலை மடிச்சு வச்சிருக்கேன்,
தூக்கி மடியில வைங்க, கனம் பிடிக்கும்.
பத்து நிமிசம். சிலநாள் ஒரு மணி நேரம்.
சிலநாள் அதுக்கும் அடங்காது.
அன்னைக்கு உங்க தப்பும் இல்ல,
அவ தப்பும் இல்ல.

துணி சுத்தாம பறிச்சா
பாறை விரலைத் தின்னுரும், டீச்சர்.
சுத்திக்கிட்டு இறங்குற என்னைப் பாத்து
செல்லம் கொஞ்சுறான்னு யாரும் சொன்னதில்ல.
அவளுக்கும் அப்படி ஒரு துணிதான் கேக்குறேன்.

எஞ்சின் போட்டாச்சு, கூப்பிடுறாக.
முழுப்பேர் சொல்லி அழைக்காதீங்க,
திட்டுறதா நெனச்சுக்கிடுவா.
நம்புன்னே கூப்பிடுங்க.
வலிக்குதுன்னு அவ சொல்றப்ப
அந்தப் பேரை ஒருதரம்
உங்களுக்கும் சொல்லிக்கிடுங்க.

நீலத் துண்டு கொடியில கிடக்கு, மதினி.
அதைத் துவைச்சிராதீங்க.