சத்தம் இருக்கும் வரை

மாரத்தஹள்ளி அடுக்ககத்தில் எனக்கு வேலை
நீரைப் பார்த்துக்கொண்டிருப்பது.
காலை ஆறிலிருந்து பதினொன்று, பிறகு நாலிலிருந்து எட்டு.
கழுத்தில் விசில், தலைக்கு மேல் ஒரு குடை,
குடையில் ஏதோ ஐஸ்கிரீம் கம்பெனியின் பெயர்.

கையில் காற்றுப்பை மாட்டிய வாண்டுகள் கத்தும்.
அம்மாக்கள் போனில் இருப்பார்கள்.
கத்தட்டும். கத்துகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது.
நான் தேடுவது சும்மா இருக்கிற தலையை.
வாய் நீர்மட்டத்தில், கண் கண்ணாடி மாதிரி,
ஏணி ஏறுவதுபோல் கை அசையும்,
ஏணி இருக்காது.
கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் சினிமாவில்.

கர்னல் பொன்னப்பாவுக்கு எழுபத்தெட்டு.
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபின்னும் இருபது சுற்று.
"குடகில் மழைக்காலக் காவேரியையே நீந்தினவன் நான்."
"அப்போது ஸ்டென்ட் இல்லையே சார்" என்றேன்.
ஒரு வாரம் பேசவில்லை.
இப்போது ஓரமாக நீந்துகிறார், கம்பிக்குக் கையெட்டும் தூரத்தில்.
அது அவரே எடுத்த முடிவு என்று வைத்துக்கொள்வோம்.

மச்சினன் ஜெரால்டுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன வருஷம், பியூசி பரீட்சை முடிந்த மறுநாள்,
பழைய கல்குவாரிக்கு ஐந்து பேர், மூன்று பைக்.
மேலே வெதுவெதுப்பு, இடுப்புக்குக் கீழே ஐஸ்.
பிடிக்க ஒரு வேர்கூட இல்லாத வெட்டுப்பாறை.
நீந்தத் தெரிந்தவன்தான். நான்தான் கற்றுக்கொடுத்தேன்,
இதே குளத்தில், நாலடி ஆழத்தில்,
தரை தெரிகிற நீல நீரில்.
காப்பாற்றக் குதித்த பிரஜ்வலையும் சேர்த்தே எடுத்தார்கள்.
ஒரு கயிறு, ஒரு காலி கேன்,
கரையில் நின்றே வீசியிருக்கலாம்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை டேங்கர்.
டிரம், குண்டான், பக்கெட், குக்கரைக்கூட நிரப்பிவைப்போம்.
நேற்று ராத்திரி சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.
வீடு திடீரென்று நல்ல அமைதி.
எஸ்தர் டிவியை நிறுத்திவிட்டாளோ என்று நினைத்தேன்.
பிறகு தட்டு எங்கே விழுந்ததென்று தெரியாது.

குளியலறையில் பத்து மாத ரெனிட்டா
பக்கெட் விளிம்பைப் பிடித்து நிற்கிறாள்.
முதல் தடவையாக நிற்கிறாள்.
உள்ளே தெரிகிற இன்னொரு குழந்தையிடம்
தலையைக் குனிந்து போகிறாள்.

அள்ளி எடுத்தேன்.
பக்கெட்டை உதைத்துக் கவிழ்த்தேன், அடுத்ததையும்.
வியாழக்கிழமை வரைக்குமான தண்ணீர்
ஓட்டையைத் தேடி ஓடியது.
எஸ்தர் வந்து ஈரத்தில் நின்றாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
தம்பி பெயரைச் சொல்லவில்லை,
மூன்றாவது பக்கெட்டுக்கு மூடி தேடினாள்.

பிள்ளை அழ ஆரம்பித்தது, தெருவே கேட்கிற மாதிரி.
அழட்டும் என்று விட்டோம்.