உட்காரும் முன்

தியானம் சொல்லித்தருவாள் என்றுதான் போனேன்.
ஆறு வாரம்
கால்விரலைத் தாண்ட விடவில்லை.

மீன்வலைக் கிடங்கின் மாடி அது.
ஜனவரி. எங்கள் ஃபியோர்டில் சூரியன்
மலைக்குப் பின்னாலேயே
குடித்தனம் நடத்தும் மாதம்.
பலகை இடுக்கு வழியே காட் மீனின் கவிச்சி
பாய்க்கு ஏறி வரும்.
சோல்வெய்க், பகலெல்லாம்
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்,
செவ்வாய் மாலைகளில்
எங்கள் மூட்டுகளை எண்ணினாள்.

விரலை மடக்குங்கள். நீட்டுங்கள்.
கணுக்காலைச் சுழற்றுங்கள்,
இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து.
தியானம் எப்போது என்றேன்.
இடுப்பு சம்மதிக்கட்டும் என்றாள்.

என் முழங்காலுக்கு வயது ஐம்பத்தெட்டு.
அதில் முப்பத்தொன்று
கிளட்ச் மிதித்தே போனது.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்,
துறைமுகத்திலிருந்து சுரங்கப்பாதை வரை,
பிறகு சுரங்கப்பாதையிலிருந்து துறைமுகம் வரை.
சம்மணம் போட்டால்
இரண்டு முழங்காலும்
சொத்துத் தகராறில் பிரிந்த சகோதரர்கள்போல
ஆளுக்கொரு திசையில்
காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.
அடியில் ஒரு செங்கல் வைத்தாள்.
பிறகு இரண்டு.
பிறகு யாரோ மறந்துபோன கம்பளிச்சட்டை.

பக்கத்துப் பாயில் போகுமில்,
கிதான்ஸ்கிலிருந்து மீன் வெட்ட வந்தவன்.
கை இரண்டும் எப்போதும் சில்லிட்டிருக்கும்.
முதுகை வளை, பூனை.
முதுகை இறக்கு, பசு.
பசுவாகும்போதெல்லாம் சிரித்துவிடுவான்.
அவன் சிரித்தால் கிடங்கே சிரிக்கும்.

பிறகு மூச்சு.
வலது நாசியை மூடி இடதில் இழுக்கச் சொன்னாள்.
பதினாறு வயதில்
குதிரைக்குக் கடிவாளம் மாட்டப் போனேன்,
அது தலையை உதறியது.
அன்றிலிருந்து என் இடதுபக்கம் அடைப்பு.
இடைகலை என்றாள் அதை.
அந்தச் சாலை மூடியிருக்கிறது என்றேன்,
சாலைத்துறைக்காரி வேறெப்படிச் சொல்வேன்.
பரவாயில்லை,
மூடிய சாலையின் வாசலில்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள் என்றாள்.

ஏழாவது வாரம்
ஒருவழியாக உட்காரவைத்தாள். மூன்று நிமிடம்.
டீசல் வடிகட்டி நினைவு வந்தது.
தங்கை திருப்பித் தராத பணம்.
போகுமிலின் வயிறு ஒரு முறை பேசியது.
மணி அடித்தபோது நான்
குறட்டையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

பிப்ரவரி, விடிகாலை நாலே முக்கால்.
மேலே பனிச்சரிவு அபாயம்.
சுரங்க வாயில் தடுப்பு இறங்கிவிட்டது.
காத்திரு, ஹால்பெரா, என்றது வானொலி.
எஞ்சின் தன் ஒற்றைச் சுருதியில்
முனகிக்கொண்டிருந்தது.
அவள் காதைப் பொத்தி
எங்களை வண்டுபோல் ரீங்கரிக்கச் சொல்வாளே,
கிட்டத்தட்ட அதே சுருதி.

பழக்கதோஷம்.
பூட்ஸுக்குள் விரலை மடக்கினேன், நீட்டினேன்.
கணுக்கால். தோள். தாடை.
தாடையை இவ்வளவு காலம்
யாருக்காகக் கடித்துக்கொண்டிருந்தேனோ.
வலதில் மூச்சு வந்தது, போனது.
இடது வாசலில் சும்மா நின்றேன்,
கதவைத் தட்டாமல்.

முகவிளக்கில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
இறங்குவது பனியா
ஏறுவது வண்டியா என்று
ஒரு கட்டத்தில் கேட்கத் தோன்றவில்லை.
கண்ணாடித் துடைப்பான் போனது, வந்தது,
நான் அதன் பின்னால் ஓடவில்லை.
அவ்வளவுதான்.
ஒளி எதுவும் தெரியவில்லை,
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
இடது நாசியில்
ஒரு நூல் அளவு குளிர் நுழைந்த மாதிரி இருந்தது.
சத்தியம் செய்யமாட்டேன்.

பின்னால் ரொட்டிக்கடை வேன்
ஹாரன் அடித்தபோதுதான் பார்த்தேன்,
தடுப்பு எப்போதோ மேலே போயிருந்தது.
குடுவையில் காப்பி திறக்காமல் இருந்தது.
ஐம்பது நிமிடம்.

கியர் போடப் பார்த்தேன்.
கிளட்ச் கால் மரத்திருந்தது, கட்டைபோல.
ரொட்டிக்காரன் மறுபடி அடித்தான்.
அடிக்கட்டும்.

விரலிலிருந்து தொடங்கினேன்.