மிச்சம் பத்துக் காசு

ஹவ்காங் கோப்பிக்கடையில்
ஆ செங் என்னிடம் காசு வாங்குவதில்லை.
பன்னிரண்டு வருடமாக.
மைலோவிலிருந்து நான் கோப்பி ஓவுக்கு மாறிய பிறகும்.
"உன் அப்பா" என்பார்,
கட்டைவிரலால் ஒன்பதாம் மாடியைக் காட்டி.
அங்கிருந்துதான் அப்பா
அவருடைய தாயாரை முதுகில் கட்டிக்கொண்டு
புகையில் இறங்கி வந்தார்.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் எண்ணிப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்து நான்கு படி.
எதையும் சுமக்காமலே எனக்கு மூச்சு வாங்கியது.

பள்ளியில், சர்ச்சின் பின்வரிசையில்,
முடிவெட்டும் நாற்காலியில்கூட
எனக்கென்று பெயர் இருந்ததில்லை.
வேதமாணிக்கம் மகன்.

தேசிய சேவையிலும்
பட்டியலில் விரலை நிறுத்தி
அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.
கயிற்றில் நான் பாதியில் தொங்கியபோது
அவர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மருத்துவ வண்டியில் ஆறாவது இரவு.
மூன்றே கால் மணி.
செங்காங்கில் ஓரறை வீடு,
தரையில் கிழவர், பக்கத்தில் கவிழ்ந்த சோற்றுப் பானை.
நெஞ்சில் உள்ளங்கை வைத்து அழுத்தினேன்.
உள்ளே ஏதோ முறிந்தது,
காதுக்கு முன் கைக்குக் கேட்டது.
"நிறுத்தாதே" என்றார் சார்ஜண்ட் நூராய்னி.
மருத்துவமனை வாசல்வரை நிறுத்தவில்லை.

அவர் திரும்பி வரவில்லை.
படம் எடுக்கவும் யாரும் வரவில்லை.

விடிந்து வீட்டுக்கு வந்தேன்.
அப்பா தோசை திருப்பிக்கொண்டிருந்தார்,
கரண்டி இல்லாமல், இடது கையால்.
அந்த நாளிலிருந்து
அந்தக் கைக்குச் சூடு தெரியாது.
சின்ன வயதில் எனக்கு அது வித்தை;
நண்பர்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன்.
இன்றுதான் கவனித்தேன்:
திருப்பியதும் விரல்களை விரித்து
எங்கேனும் வெந்திருக்கிறதா என்று
கண்ணால் தேடுகிறார்.
ஒவ்வொரு விரலாக.

"எத்தனை வயசு?"
"எண்பது இருக்கும்."
"பேரு?"
சொன்னேன்.
தலையாட்டினார்.
பிறகு வேறொரு பெயர் சொன்னார்,
இந்த வீட்டில் நான் கேட்டிராத பெயர்.
"பத்தாம் மாடி" என்றார்,
அடுத்த தோசைக்கு மாவை ஊற்றியபடி.

கீழே போனேன்.
கோப்பி ஓ, குடித்து முடித்து,
ஒரு வெள்ளி ஐம்பது காசை மேசையில் வைத்தேன்.
ஆ செங் தள்ளினார்.
நான் திரும்பத் தள்ளினேன்.
என் முகத்தை, கசங்கிய சீருடையை, மறுபடி முகத்தைப்
பார்த்துக்கொண்டே நின்றார்.
அப்புறம் தகர டப்பாவைத் திறந்து
மிச்சம் பத்துக் காசு கொடுத்தார்.