பின்னிருக்கை

ம்பராராவில் காலை வணக்கம் ஒரு கேள்வி:
அகண்டி? என்ன சேதி?
பதில் எப்போதும் ஒன்றுதான்.
நி மருங்கி. நல்ல சேதி.
தலை பிளக்கும் வலியில் கிடந்த முகரூராவும்
அதையே சொன்னார்.
மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்,
வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில்.

முதுகில் ஊசி இறங்கியதும்
காத்திருந்ததுபோல் நீர்
குழாயின் தலைவரை ஏறியது.
என் மேசைக்கு வந்தது சில சொட்டு.

மை சேர்த்தேன்.
புட்டியில் பெயர், இந்திய மை.
இந்தியாவை நான் பார்த்ததில்லை,
இந்த இருட்டை மட்டும்
தினமும் கண்ணாடியில் தடவுகிறேன்.
இருட்டுக்குள் வெள்ளை வட்டங்கள்.
ஒவ்வொன்றைச் சுற்றியும் மை அண்டாத ஒரு வெளி:
சர்க்கரையில் நெய்த போர்வை.

நுரையீரலில் நடந்த பேச்சை
நான் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறேன்.
காவல் செல் கை நீட்டித் தடவுகிறது. அகண்டி?
போர்வைக்குள்ளிருந்து, நி மருங்கி.
நம்பாமல் விழுங்குகிறது.
அமிலம் ஊற்றி மறுபடி கேட்கிறது.
உள்ளே அது சாவகாசமாக மொட்டு விடுகிறது,
பொடிப் பொட்டலங்களில் எதையோ கொடுத்தனுப்புகிறது.
பிரித்துப் படித்த செல்
ஊத எடுத்த சங்கைக் கீழே வைக்கிறது.

சில வேளை துப்பிவிடும், முழுசாக.
யாரும் சாவதில்லை.
சந்தையில் முகம் பார்த்துக்கொண்டவர்கள்போல
ஆளுக்கொரு திசையில் நகர்வார்கள்.
என்ன பேசி முடித்தார்கள் என்று
கேட்டால் எங்கள் டாக்டர் சிரிக்கிறார்.

சில வேளை துப்பாது.
சுமந்துகொண்டே மூளையின் வாசலைத் தாண்டும்.

முகரூரா போடா-போடா ஓட்டுகிறவர்.
மழையில் மூன்று பேர்,
கால் கட்டிய ஆடு,
ஒருமுறை குழந்தைக்கான சவப்பெட்டி,
எல்லாம் அவர் பின்னிருக்கையில் போயிருக்கின்றன.
எங்கே என்று கேட்பாராம்.
யார் என்று கேட்டதில்லை.

ஜன்னலில் அவர் மனைவி கியாரிகுண்டா,
கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி:
"அது என்ன சொல்கிறது?"
படிவத்தில் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தேன்.
அதைக் காட்டினேன்.
நல்லதா, என்றாள்.
எங்கள் துறையில் கூட்டல் நல்லதல்ல
என்று சொல்ல
இவ்வளவு நேரம் ஆகுமென்று எனக்குத் தெரியாது.

மாலையில் வார்டைக் கடந்தேன்.
இன்னும் இருபது மில்லி வடித்திருந்தார்கள்.
வெளிச்சம் படாமல் மூடிய பையிலிருந்து
மஞ்சள் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.
பழக்கத்தில் கேட்டுவிட்டேன், அகண்டி?
அவர் உடனே சொல்லவில்லை.
கூரையைப் பார்த்தார்,
உள்ளே போய் விசாரித்து வருகிறவர்போல.

"மோசம்," என்றார்.
"காலைக்கு இப்போது தேவலாம்."